கத்தரிக்காய் உண்ணலாமா? – ஆன்றோர் கருத்து வேறுபாடும் அடியவர் கொள்ளத்தக்க நெறியும்

அரசன் ஒருவன் ஒருநாள் கத்தரிக்காய்க் கறியைச் சுவைத்து மகிழ்ந்தான். "இதனினும் சிறந்த காய் உலகில் உண்டோ?" என்றான். அருகிருந்த அமைச்சன், "இல்லை அரசே! அதனாலன்றோ இறைவன் அதன் தலையில் முடி சூட்டியிருக்கிறான்!" என்றான். மறுநாளும் அக்கறி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அரசன் சலிப்புற்று, "இதைவிட இழிந்த காய் வேறில்லை" என்றான். "ஆம் அரசே! அதனாலன்றோ இறைவன் அதன் தலையில் ஆணி அறைந்திருக்கிறான்!" என்றான் அமைச்சன். "நேற்று வேறு விதமாகச் சொன்னாயே?" என்று அரசன் வினவ, "யான் தங்களுக்குப் பணியாளனேயன்றிக் கத்தரிக்காய்க்குப் பணியாளன் அல்லேன்" என்று விடை வந்ததாம்.

அக்பர், பீர்பால் பெயர்களால் வழங்கும் இக்கதை சிரிப்பதற்கு மட்டும் உரியதன்று. கத்தரிக்காயைப் பற்றிப் பேசுவோர் பலர் கத்தரிக்காயைப் பற்றிப் பேசுவதில்லை என்பதே அதன் உட்பொருள். இக்காயை உண்ணலாம் என்பாரும், உண்ணலாகாது என்பாரும், இன்ன நாளில் மட்டும் ஆகாது என்பாரும் நம்மிடையே உளர். ஒரே தெய்வத்தை வழிபடும் இரு குடும்பங்களுக்குள்ளும் இவ்வேறுபாடு உண்டு. இதனால் பந்தியில் முகம் சுளிப்போரும், உறவில் மனம் வருந்துவோரும் உண்டாதலின், இப்பொருளை ஆராய்ந்து தெளிதல் இன்றியமையாதது.

பெயரும் பழைமையும்

கத்தரி என்பது இன்று வழங்கும் பெயர். வழுதுணை, வழுதலை என்பன பழந்தமிழ்ப் பெயர்கள். வடமொழியில் வார்த்தாகம், விருந்தாகம் என்பர். நம் பாரத நாட்டில் தொன்றுதொட்டுப் பயிராகி வரும் காய் இது. கடல் கடந்து வந்த மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றைப் போன்ற புதுவரவு அன்று.

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில், புல்வேளூர்ப் பூதன் என்பான் அன்போடு படைத்த எளிய உணவில் வழுதுணங்காயும் இடம்பெற்றுள்ளது. அரண்மனை விருந்துகளைக் கண்ட அப்பெருமூதாட்டி, அந்த எளிய உணவின் பெருமையைப் போற்றினார். திருமூலரோ திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில், சூனிய சம்பாடணைப் பகுதியில், வழுதலை வித்தையே ஞானப் பொருள் உணர்த்தும் மறைமொழியாக ஆண்டுள்ளார். எனவே நம் சான்றோர்க்கு இக்காய் அயலானதும் அன்று. பெயர் சொல்லக் கூடாததும் அன்று.

விலக்குவோர் கூறும் காரணங்கள்

விலக்குவோர் யாவரும் ஒரே காரணத்தைச் சொல்வதில்லை. அவர்தம் கருத்துகளை ஐந்தாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, வகை பற்றிய விலக்கு. தருமநூல் தொகுப்புகள் சில, வெள்ளைக் கத்தரியை மட்டும் விலக்கின. கோழி முட்டையை ஒத்த வடிவும் நிறமும் உடைமையால் அது விலக்கப்பட்டது என்று காரணம் கூறுவோர் உளர். மனுநூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ளி, வெங்காயம், காளான் முதலியவற்றை விலக்கும் இடத்தில் கத்தரி கூறப்படவில்லை என்பதும் கருதத்தக்கது.

இரண்டாவது, காலம் பற்றிய விலக்கு. ஆடி மாதத்து வளர்பிறை ஏகாதசி முதல் கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசி வரையுள்ள நான்கு திங்களைச் சாதுர்மாசியம் என்பர். திங்கட்பெயர்கள் ஈண்டுச் சாந்திரமான முறையில் கொள்ளத்தக்கன. திருமால் அறிதுயில் கொள்ளும் காலமாக இதனைக் கருதி, அன்பர்கள் சில உணவுகளைத் துறப்பர். வங்கத்து வைணவர் போற்றும் அரிபக்தி விலாசம் என்னும் நூல் இக்காலத்து விலக்குகளுள் கத்தரியையும் கூறுகிறது. அந்நூலோடு தொடர்புடைய கோபால பட்டர் நம் திருவரங்கத்தில் பிறந்தவர் என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இனி, வங்கத்துப் பஞ்சாங்கங்கள் ஒவ்வொரு திதிக்கும் ஓர் உணவை விலக்குகின்றன. பிரதமையில் பூசணி, சதுர்த்தியில் முள்ளங்கி, அட்டமியில் தேங்காய் என வரும் அவ்வரிசையில் திரயோதசிக்குரியது கத்தரி. தேங்காயும் அவ்வரிசையில் இருத்தலால், விலக்கப்பட்ட பொருள் இழிந்த பொருள் ஆகாது என்பது விளங்கும்.

மூன்றாவது, உயிர்க்கொலை அஞ்சும் விலக்கு. சமணர் உண்ணலாகாதவை என வகுத்த 22 பொருள்களுள் கத்தரியும் ஒன்று. வித்துகள் மிக்கது, புழுவுக்கு இடமாவது என்பன அவர்தம் காரணங்கள். இக்காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கத்தரியைத் தாக்கும் காய்த்துளைப்பான் என்னும் புழு, சிறு துளையிட்டு உள்ளே புகுந்தபின் தன் கழிவினாலேயே அத்துளையை அடைத்துக்கொள்ளும். புறத்தே பளபளப்பாகத் தோன்றும் காயின் அகத்தே புழு இருக்கக் கூடும்.

நான்காவது, உடல் நலம் பற்றிய விலக்கு. சித்த மருத்துவர் கத்தரியைக் கரப்பான் பண்டம் என்பர். சொறி, சிரங்கு முதலிய தோல் நோயுடையார்க்கும், மருந்துண்டு பத்தியம் காப்பார்க்கும் அதனை விலக்குவர். ஆயினும், பிஞ்சினையும் முற்றியதனையும் அவர்கள் ஒன்றாகக் கருதுவதில்லை. 16 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூலும் பிஞ்சு கபத்தையும் பித்தத்தையும் தணிக்கும் என்றும், முற்றியது பித்தத்தை மிகுவிக்கும் என்றும் பிரித்துக் கூறுகிறது. தருமநூலார் விலக்கிய வெள்ளைக் கத்தரியை அந்நூல் மூலநோய்க்கு நன்மை தருவதாகச் சொல்வது வியப்புக்குரியது. இக்கால அறிவியலும் ஏறத்தாழ இவ்வாறே கூறும். 100 கிராம் கத்தரியில் 90 கிராமுக்கு மேல் நீரே, நார்ச்சத்தும் உண்டு. பெரும்பாலார்க்கு அது தீங்கற்ற உணவு. சிலர்க்கு மட்டும் அரிப்பும் ஒவ்வாமையும் உண்டாகும். அவர்கள் விலக்குதலே அறிவுடைமை.

ஐந்தாவது, குடும்ப வழக்குப் பற்றிய விலக்கு. நீத்தார் கடன் ஆற்றும் நாளில் எக்காய் சமைப்பது என்பதில் ஊருக்கு ஊர், குடிக்குக் குடி வேறுபாடு உண்டு. இதற்கு நூலினும் முன்னோர் நடையே பெரிதும் சான்றாக நிற்கிறது.

இறைவனுக்குப் படைப்போர் வழக்கு

இனி மறுபக்கத்தைக் காண்போம். ஆனந்தக் கூத்தன் ஆடும் தில்லைச் சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் பெயர் பெற்றவை. மிளகும் சீரகமும் மணக்கும் அச்சாதத்தோடு கொத்சினைப் படைத்து வழிபடும் வழக்கம் அங்கு உண்டு. வழிபட வருவோர் ஊர் திரும்பும்போது பேசும் செய்திகளுள் அக்கொத்சும் ஒன்று.

கருநாடக மாநிலத்து உடுப்பிக்கு அருகே மட்டு என்றொரு கடலோரச் சிற்றூர் உளது. அங்கு விளையும் பச்சை நிற உருண்டைக் கத்தரியை மட்டு குள்ளா என்பர். 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோதே மடத்து வாதிராச தீர்த்தரே அதன் வித்தினை அவ்வூரார்க்கு அருளினார் என்பது அம்மக்களின் நம்பிக்கை. முதல் விளைச்சலை உடுப்பிக் கண்ணனுக்குக் காணிக்கையாக்கிய பின்னரே சந்தைக்குக் கொண்டு செல்லும் மரபு அங்கு உண்டு. 2011 ஆம் ஆண்டில் அக்காய் புவிசார் குறியீடும் பெற்றது. நம் வேலூர் மாவட்டத்து முள்ளுக் கத்தரிக்கு 2023 ஆம் ஆண்டில் அக்குறியீடு கிடைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மராட்டிய நாட்டுச் செசூரியில் கண்டோபா என்னும் பெயரால் சிவபெருமான் வழிபடப் பெறுகிறார். மார்கழி வளர்பிறைச் சட்டியாகிய சம்பா சட்டி அங்குப் பெருவிழா. அன்று தீயிற் சுட்டுப் பிசைந்த கத்தரிக்காயும் கம்பு ரொட்டியும் அவருக்கு நிவேதனமாகின்றன. இதில் சிறப்பு யாதெனின், சாதுர்மாசியம் தொடங்கியது முதல் கத்தரியைத் தொடாதிருந்த குடும்பத்தார் பலர் அந்நாளில்தான் அதனை மீண்டும் உண்ணத் தொடங்குகின்றனர். துறந்ததும் பத்தியால், மீண்டும் ஏற்றதும் பத்தியால். வங்கத்திலோ, திரயோதசியில் கத்தரியை விலக்கும் அதே மக்கள் துர்க்கை பூசையில் கிச்சடியோடு கத்தரி வறுவலையும் படைத்து உண்டு மகிழ்கின்றனர்.

முரண் உண்டோ?

மேலே கூறியவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒருவர் விலக்கியது வெள்ளைக் கத்தரியை. மற்றொருவர் படைத்தது பச்சைக் கத்தரியை. ஒருவர் விலக்கியது நான்கு திங்கள். மற்றொருவர் படைத்தது அதன் பின்னர். மருத்துவர் விலக்கியது நோயுற்றார்க்கு. உழவர் உண்டது நோயற்ற உடம்பினர். சமணர் விலக்கியது கொல்லாமை நோன்பு பற்றி. ஆகவே வகை, காலம், இடம், உண்பார் நிலை என்னும் நான்கனையும் மறந்துவிட்டு, "கத்தரி ஆகும்", "கத்தரி ஆகாது" என்று பொதுப்படக் கூறுவதனாலேயே பூசல் விளைகிறது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் எந்தக் காயின் பெயரையும் சொல்லவில்லை. முன் உண்டது செரித்ததா என்று அறிந்து, உடம்போடு மாறுபடாத உணவை அளவறிந்து உண்ணுமாறே பணித்தார். கீதையின் பதினேழாம் அத்தியாயமும் உணவை முக்குணங்களால் வகுத்ததேயன்றிக் காய்களின் பட்டியல் தரவில்லை.

உணவுத் தூய்மை யாது?

உணவு தூய்மையாயின் உள்ளம் தூய்மையாகும் என்பது சாந்தோக்கிய உபநிடதத்தின் கருத்து. இதற்குப் பொருள் காண்பதில் பேராசிரியர் இருவர் வேறுபட்டனர். சங்கரர், ஐம்பொறிகளும் உள்ளே கொண்டு சேர்ப்பவை அனைத்தும் உணவே என்றார். கண் காண்பதும் செவி கேட்பதும் விருப்பு வெறுப்பு இன்றி அமையுமாயின் அதுவே உணவுத் தூய்மை என்பது அவர் கருத்து. இராமானுசர், வாயால் உண்ணும் உணவையே கொண்டு, அதற்கு மூவகைக் குற்றங்கள் நீங்க வேண்டும் என்றார். பொருளின் இயல்பால் வரும் குற்றம், அது இருக்கும் இடத்தால் அல்லது உடையவரால் வரும் குற்றம், மயிரும் புழுவும் வீழ்தல் போல இடையில் நேரும் குற்றம் என்பன அம்மூன்று.

இவற்றைக் கத்தரியில் பொருத்திக் காண்போம். இயல்பால் குற்றம் என்பார் தம் மரபின்படி விலக்கலாம். புழுவால் வரும் குற்றத்தை, காயை நான்காகப் பிளந்து நீரிலிட்டு ஆராய்ந்து நீக்கலாம். நம் வீட்டுப் பெண்டிர் நாள்தோறும் செய்வது அதுதான். நடுவில் நின்ற குற்றமே ஆராயத்தக்கது. உழவனுக்கு உரிய விலை கொடாமல் பெற்ற காய், கூலியை நிறுத்தி வைத்தவன் வீட்டுக் காய், அளவையில் வஞ்சித்த காய் ஆகியன எவ்வளவு கழுவினாலும் தூயன ஆகா. கத்தரியை விலக்கியவன் இவ்வகைக் காயை உண்பானாயின் அவன் விலக்கியது யாது? சங்கரர் கூறிய வழியில் நோக்கினும், கத்தரியை நீக்கிய நாவால் பிறரை இகழ்ந்து பேசினால் அந்நோன்பு எங்ஙனம் நிறையும்?

நடுவில் நின்ற இக்குற்றத்தைப் பிறப்பின் மேல் ஏற்றிப் பந்தியைப் பிரித்து வைத்த காலமும் இந்நாட்டில் இருந்தது. 1897 ஆம் ஆண்டில் விவேகானந்தர் தாயகம் திரும்பியபோது, மானாமதுரையில் அளித்த வரவேற்புக்கு விடையாகப் பேசுகையில், நம் சமயம் அடுக்களைக்குள் ஒடுங்கிவிடும் இடர் நேர்ந்துள்ளது என்றும், சமையற் பானையே தெய்வமாகி வருகிறது என்றும் கடிந்துரைத்தார். தமிழ் மண்ணில் நின்று அவர் சொன்ன அவ்வெச்சரிக்கை இன்றும் மறக்கத்தக்கதன்று.

ஓர் இல்லத்து நிகழ்ச்சி

இதனை விளக்க ஓர் இல்லத்தைக் கருதுவோம். அங்கு மாமியாரின் மாமியார் இறைவனடி சேர்ந்து ஆண்டுகள் பல ஆயின. அவருக்குரிய திதி நாள். புதிதாக வந்த மருமகள் வைகறையில் எழுந்து, நீராடி, தன் பிறந்தகத்து வழக்கப்படி கத்தரிக்காய்க் கூட்டுச் செய்து வைத்தாள். மாமியார் அதனைக் கண்டதும், "இந்த வீட்டில் இன்று கத்தரிக்காயா? எடுத்து வெளியே வை" என்றார். மருமகள் கண் கலங்கினாள். "எங்கள் வீட்டில் பாட்டனார் திதிக்கு இதைத்தானே அம்மா செய்வார்கள்? இதில் என்ன பிழை?" என்றாள். மாமியாருக்கு விடை சொல்லத் தெரியவில்லை. "ஆகாது என்றால் ஆகாது" என்றார்.

கூடத்தில் இருந்த முதிய அத்தை, மறைந்தவரின் மகள், இருவரையும் அழைத்து அமர்த்திக் கொண்டார். "கயைக்குப் போனவர்கள் அட்சய வடத்தடியில் ஒரு காய், ஒரு கனி, ஓர் இலை விட்டுவிட்டு வருவார்கள் அல்லவா? பலரும் தமக்குப் பிடிக்காத காயைத்தான் விடுவார்கள். என் அம்மாவுக்கோ கத்தரிக்காய் என்றால் உயிர். தன் தாய் தந்தையரை நினைத்து அதையே விட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் எங்களுக்குச் சமைத்துப் போட்டார். தாம் ஒரு துண்டும் தொடவில்லை. அதனால்தான் அவர் திதியில் இந்த வீட்டில் அது இல்லை. காயின் மேல் குற்றம் இல்லை, அம்மா" என்றார்.

மாமியார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மருமகளின் கையைப் பற்றி, "எனக்கும் இது யாரும் சொல்லவில்லை, அம்மா" என்றார். கூட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயிற்று. மருமகள் தானே விரும்பி வாழைக்காயை நறுக்கத் தொடங்கினாள்.

காரணம் மறைந்து விதி மட்டும் எஞ்சினால் அது கோலாக நின்று அடிக்கும். காரணம் விளங்கினால் அதே விதி தாயின் நினைவாக நின்று அணைக்கும். ஆதலின் விலக்குகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெரியோர், காரணத்தையும் உடன் சொல்லுதல் கடமையாகும். விருப்பமானதை விடுவதே துறவு. வேண்டாததை விடுவது கணக்குத் தீர்ப்பதே ஆகும் என்பதும் இதனால் பெறப்படும்.

பந்தியில் ஒழுகும் முறை

2002 ஆம் ஆண்டில் தமிழகத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றது. அப்பந்திகளில் பல ஊரினர், பல குடியினர், பல மரபினர் அருகருகே அமர்ந்து உண்கின்றனர். சாம்பாரில் கத்தரிக்காய் வருவது இயல்பு. விலக்கு உடையார் அதனை இலையின் ஓரத்தில் ஒதுக்காமல், இடுவதற்கு முன்பே "எனக்கு வேண்டா" என்று இனிய முகத்தோடு சொல்லலாம். இடுவோரும் ஏன் என்று வினவாமல் அடுத்த இலைக்குச் செல்லலாம். அருகிருப்போர் அதனை உண்டால், அவர்தம் இலையை நோக்கி இழிவாக எண்ணுதல் ஆகாது. பசித்து வந்தவரின் இலை இறைவன் சந்நிதி.

இளையான்குடி மாறனார் வரலாறு இதற்குச் சான்று. வறுமையுற்ற காலத்தில், மழை பெய்யும் நள்ளிரவில் அடியவர் ஒருவர் வந்தார். பகலில் விதைத்த நெல்லை வாரி வந்தார் மாறனார். கறிக்குக் காய் இல்லை. கொல்லையில் முற்றாத குறும்பயிரைத் தடவிப் பறித்துக் கொடுத்தார். அம்மையார் அதனையே பலவகைக் கறியாகச் சமைத்தார். பறித்தது இன்ன பயிர் என்று சேக்கிழார் பெயர் கூறி ஆராயவில்லை. பறித்த கையின் அன்பையே பாடினார். விருந்தாக வந்தவரோ சிவபெருமான்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. தம் மரபிலும் நோன்பிலும் கத்தரி விலக்கப்பட்டிருப்பின் அதனை உறுதியாகக் காத்தல் நன்று. அது தமக்கு உரிய நோன்பு, பிறர்க்கு இட்ட கட்டளை அன்று.

2. விலக்கு வகைக்கா, காலத்துக்கா, நோய்க்கா, நினைவுக்கா என்பதனை மூத்தோரிடம் கேட்டறிந்து இளையோர்க்குச் சொல்லுதல் வேண்டும்.

3. தோல் நோய் உடையாரும், மருந்து உண்பாரும், ஒவ்வாமை உடையாரும் மருத்துவர் சொற்படி நடத்தல் வேண்டும். பத்தியின் பெயரால் உடம்பை வருத்தலாகாது.

4. காயைப் பிளந்து ஆராய்வது போலவே, அது வந்த வழியையும் ஆராய்தல் வேண்டும்.

5. விருந்தினர் எதனை உண்ணார் என்று அறிந்து சமைத்தல் இல்லத்தார் கடமை. சமைத்ததில் உண்ணத்தக்கதை உவந்து உண்ணுதல் விருந்தினர் கடமை.

தில்லைக் கூத்தன் ஏற்பதும், உடுப்பிக் கண்ணன் ஏற்பதும், கயையில் ஒரு தாய் துறந்ததும் ஒரே கத்தரிக்காய்தான். படைத்தவரிடத்தும் துறந்தவரிடத்தும் இறைவன் கண்டது அன்பு ஒன்றையே. உண்பாரும் விலக்குவாரும் ஒருவரை ஒருவர் மதித்து ஒரே பந்தியில் அமர்வாராக. உணவு தூயதாகுக, உள்ளம் தூயதாகுக, எல்லா உயிரும் இன்புறுக.